பாட்டுக்கு ஒரு படம், படத்துக்கு ஒரு முகப்பு: வாசகர் கேள்வி – பதில்

கல்லூரிகளில் இறுதியாண்டுப் படைப்புகளுக்கான வேலை தொடங்கும் பருவம் இது. மாணவர்கள் எடுக்கும் இசைக் காணொளியையும் அதற்குரிய ஆல்பம் அட்டையையும் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் வகுப்புத் தோழர்களே எழுதி, இசையமைத்து, பாடிய ஒரு பாடலுக்குக் காணொளி எடுக்கிறோம். விடுதியில் தங்கிப் படிக்கும் ஒருத்தி விடுமுறைக்கு இரவுப் பேருந்தில் ஊர் திரும்புவதுதான் பாடல். நீளம் 3 நிமிடம் 36 வினாடி. முதலில் காணொளியை முடித்துவிட்டு, அதிலிருந்து நல்ல ஃப்ரேம் ஒன்றை எடுத்து ஆல்பம் அட்டையாக்கலாம் என்று நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?
– காட்சித் தொடர்பியல் மூன்றாமாண்டு மாணவி, திருநெல்வேலி

காணொளி முதலில், அட்டை பிறகு என்ற வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். காணொளியிலிருந்து எடுத்த ஃப்ரேம் நல்ல அட்டையாவது அரிது. 4கே காணொளியின் ஒரு ஃப்ரேம் 3840 × 2160 பிக்சல் கொண்டது. அதைச் சதுரமாக வெட்டினால் 2160 × 2160 தான் மிஞ்சும். பாடல்களை இணைய இசைத் தளங்களில் சேர்ப்பிக்கும் நிறுவனங்களோ பொதுவாக 3000 × 3000 பிக்சல் கேட்கின்றன. மேலும், நொடிக்கு 25 ஃப்ரேம் வேகத்தில் எடுக்கும்போது ஒவ்வொரு ஃப்ரேமும் வழக்கமாக நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் ஒளியை வாங்குவதால், அசைகின்ற கையும் முகமும் சற்றுக் கலங்கிப் பதியும். படம் ஓடும்போது கண்ணுக்கு இதமாக இருக்கும் அந்தக் கலக்கம், நிறுத்திப் பெரிதாக்கிப் பார்க்கும்போது குறையாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அகலவாக்கில் பார்ப்பதற்கென்று அமைத்த காட்சியைச் சதுரத்துக்குள் அடக்கினால், அதன் வலிமையாக இருந்த வெற்றிடம்தான் முதலில் வெட்டுப்படும்.

ஆகவே படப்பிடிப்புக்கு முன்பாகவே, காணொளிக்கும் அட்டைக்கும் பொதுவான ஒரு பொருளையும் இரண்டு நிறங்களையும் குழுவாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். உங்கள் பாடலுக்குப் பேருந்தே பொருளாகாதா என்று தோன்றலாம். பேருந்து மிகப் பெரியது. யாருடைய பாடலுக்கும் பொருந்தும். நம் ஊர்ப் பேருந்து ஜன்னலில் மேலே தூக்கி மாட்டுகிற ஷட்டர் இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவியில் அது மூடியிருக்கட்டும். முதல் சரணத்தில் பாதி திறக்கட்டும். ஊர் நெருங்கும் கடைசிச் சரணத்தில் முழுவதும் திறந்து காற்று உள்ளே வரட்டும். பாடல் வரியில் ‘பேருந்து’ என்று வரும்போதெல்லாம் பேருந்தைக் காட்டுவதைவிட, வரி சொல்லாத ஒன்றை ஷட்டர் சொன்னால் பாடல் வளரும். அட்டையில் பாதி திறந்த ஷட்டரும் அதன்மேல் சாய்ந்த முழங்கையும் மட்டும் போதும், முகம் தேவையில்லை. நிறங்களையும் அங்கிருந்தே எடுக்கலாம்: நெடுஞ்சாலை விளக்கின் மஞ்சளும், பேருந்துக்குள் எரியும் இரவு விளக்கின் நீலமும். நாயகியின் சுடிதார், பையின் வார், அட்டையில் வரும் எழுத்தின் நிறம் ஆகிய அனைத்தும் இந்த இரண்டுக்குள் அடங்க வேண்டும். பிடித்தமான சிவப்புத் துப்பட்டா ஒன்று யாரிடமாவது இருக்கும்; அதை விட்டுக்கொடுக்கும் துணிவு வேண்டும்.

அடுத்தது காலக் கணக்கு. உங்கள் பாடல் நிமிடத்துக்கு 100 தட்டு வேகத்தில் அமைந்தது என்று வைத்துக்கொள்வோம். 3 நிமிடம் 36 வினாடியில் 360 தட்டுகள் வரும்; நான்கு தட்டுக்கு ஒரு பார் என்றால் 90 பார்கள். நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்தால் ஒரு தட்டுக்குச் சரியாக 15 ஃப்ரேம். பல்லவி, இடையிசை, சரணம் ஒவ்வொன்றும் எத்தனை பார் என்று ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பகுதிக்கும் எதிரே ஷாட்டுகளைக் குறியுங்கள். பிறகு ஒவ்வொரு ஷாட்டும் எப்படி இருக்கும் என்று காட்டும் ஸ்டோரிபோர்டு ஓவியங்களைக் கைபேசியில் படமெடுத்து, பாடலின் மேல் வரிசையாக அடுக்கி ஓட்டிப் பாருங்கள். படம் வரையத் தெரியாதவர்கள் குச்சி மனிதர்களை வரைந்தாலும் போதும். இடையிசையில் காட்டுவதற்கு ஒன்றுமில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும்; எடிட்டிங் மேசையில் தெரிந்தால் காலம் கடந்திருக்கும். எல்லா வெட்டும் தட்டின்மேலேயே விழ வேண்டுமென்ற கட்டாயமில்லை. அப்படி விழுந்தால் ஒரு நிமிடத்துக்குள் பார்ப்பவர் அடுத்த வெட்டை முன்கூட்டியே உணர்ந்து சலிப்படைவார். தட்டுக்குச் சற்று முன்போ, ஒரு சொல் முடிகிற இடத்திலோ வெட்டிப் பாருங்கள்.

ஓடும் பேருந்தில் படமெடுக்க முயல வேண்டாம். அது ஆபத்தானது, ஒளியும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது. கல்லூரிப் பேருந்து ஒன்றை அனுமதி பெற்று, இரவில் மைதானத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு வெளியே இருவர் மஞ்சள் தாள் ஒட்டிய எல்.இ.டி விளக்குகளை உயரப் பிடித்துக்கொண்டு, பேருந்தின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக ஒருவர் பின் ஒருவராக நடந்தால், சாலை விளக்குகள் கடந்து போவது போலவே முகத்தில் ஒளி வந்து வந்து மறையும். இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒருவர் அதை மெல்ல அசைக்க, கேமராவும் சிறிது ஆட வேண்டும். ஜன்னலுக்கு வெளியே முழு இருட்டாக இருப்பது நல்லது. அசையாத மரமோ கட்டடமோ தெரிந்தால் எல்லாம் கெட்டுவிடும். பெரிய படங்களிலும் இந்த முறையைக் காலங்காலமாகக் கையாண்டு வருகிறார்கள். பேருந்து சாலையில் போவதைக் காட்டும் தொலைவுக் காட்சிகளை வேறொரு நாளில், சாலையோரத்திலிருந்து பாதுகாப்பாக எடுத்துச் சேர்க்கலாம்.

அதே இரவில், அதே ஒளியமைப்பில், அட்டைக்கான நிழற்படத்துக்கென்று ஒரு மணி நேரத்தைப் படப்பிடிப்பு அட்டவணையிலேயே ஒதுக்கிவிடுங்கள். அந்த நேரத்தில் வீடியோ கேமராவுக்கு வேலையில்லை. ஸ்டில் கேமராவை முக்காலியில் நிறுத்தி, சதுரத்துக்கென்றே காட்சியை அமைத்து, தலைப்பு எழுத்து உட்காருவதற்கு மேலேயோ பக்கத்திலேயோ இருட்டான இடம் விட்டு எடுங்கள். பின்னட்டைக்கு ஆளில்லாத இருக்கை, உள்பக்கத்துக்கு ஷட்டரின் துருப்பிடித்த கம்பி என்று துணைப் படங்களையும் அப்போதே எடுத்துவிடலாம். இந்த ஒரு மணி நேரத்தைத்தான் களைப்பில் பலரும் கைவிடுகிறார்கள். பிறகு எடிட்டிங்கில் ஃப்ரேம் தேடி அலைவதற்கு அதுவே காரணம்.

கேசட்டும் சி.டி.யும் போன பிறகு ஆல்பம் அட்டை எதற்கு? மாணவர்களை வீணாக வதைக்கிறார்களோ?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

வதைப்பதாக எனக்குத் தோன்றவில்லை, ஐயா. 1930களின் இறுதியில் அமெரிக்காவின் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் கலை இயக்குநராகச் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ், வெறும் பழுப்புக் காகித உறைகளில் விற்ற இசைத்தட்டுகளுக்கு ஓவியம் தீட்டிய அட்டைகளை அறிமுகப்படுத்தினார். கேட்பதற்கு முன்பே கண் வழியாக ஒரு பாட்டு மனத்துக்குள் நுழைய முடியும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். எல்.பி. எனப்படும் பெரிய இசைத்தட்டுகளின் காலத்தில் அட்டையின் பக்கம் ஓர் அடிக்கும் சற்று அதிகம், சி.டி.யில் 12 செ.மீ.; இன்று கைபேசித் திரையில் கட்டைவிரல் நகத்தளவு. இடம் சுருங்கச் சுருங்க அதன் பொறுப்பு கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை. பெயர் தெரியாத கலைஞரின் பாடலைத் தொடுவதா வேண்டாமா என்பதை அந்தச் சிறு சதுரம்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. மூன்றரை நிமிடத்தில் சொன்னதை ஒரே படத்தில் சொல்லப் பழகுவது, எதிர்காலத்தில் எந்தக் காட்சித் துறைக்குப் போனாலும் கைகொடுக்கும் பயிற்சி.

கைபேசியில் எடுத்தோம். பாடலின் தொடக்கத்தில் உதட்டசைவு சரியாக இருக்கிறது. போகப் போக விலகிவிடுகிறது. விளக்கொளியில் கோடு கோடாகவும் ஓடுகிறது.
– மாணவர், கோயம்புத்தூர்

இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். பல கைபேசிகள் ஒளிக்கேற்ப ஃப்ரேம் வேகத்தைத் தாமாகவே கூட்டிக் குறைக்கின்றன; எடிட்டிங் மென்பொருள் சீரான வேகத்தை எதிர்பார்ப்பதால் நேரம் செல்லச் செல்ல விலகல் ஏற்படும். எடுத்தவற்றை ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு எடிட் செய்யுங்கள். அடுத்த முறை பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவசச் செயலியில் ஃப்ரேம் வேகத்தையும் கேமராவின் ஷட்டரையும் (ஒவ்வொரு ஃப்ரேமும் ஒளி வாங்கும் நேரம்) பூட்டிவைத்தே எடுங்கள். கோடுகளுக்குக் காரணம் மின்சாரம். நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்று என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் கோடு பெரும்பாலும் மறையும். கைபேசிகளில் வழக்கமாக இருக்கும் 30 ஃப்ரேம், 1/60 இங்கே ஒத்துவராது.

படப்பிடிப்பில் ஒலிக்கவிடும் பாடல் இறுதி மிக்ஸிங் முடிந்ததாக இருக்கட்டும். பிறகு வேகத்தை மாற்றினால் எடுத்தது அனைத்தும் வீண். ஸ்பீக்கரைக் கேமராவின் அருகில் வையுங்கள். 34 மீட்டர் தொலைவில் இருந்தால் ஒலி வந்து சேரவே நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். அது இரண்டு மூன்று ஃப்ரேம் பிழை. பாடகர் முழுப் பாடலையும் நிறுத்தாமல் பாடுவதைத் தொலைவு, நடுத்தரம், அண்மை என மூன்று நிலைகளில் முதலிலேயே எடுத்துவிட்டால், மற்றக் காட்சிகள் சொதப்பினாலும் காணொளி நிற்கும். உடல் மெதுவாக அசைய, உதடு மட்டும் பாட்டோடு ஒத்துப்போகும் காட்சி வேண்டுமானால், பாடலை இரு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, பாடகரையும் அதே வேகத்தில் பாடச்சொல்லி 50 ஃப்ரேமில் எடுத்து, எடிட்டிங்கில் 25-க்கு விரித்துக்கொள்ளுங்கள்.

புகழ்பெற்ற திரைப்பாடல் ஒன்றுக்குக் காணொளி எடுத்து யூடியூபில் ஏற்றலாமா? கல்விக்காகத்தானே?
– மாணவி, மதுரை

வகுப்பறையில் ஆசிரியரும் மாணவரும் பாடத்தின் பகுதியாகப் பயன்படுத்துவதற்கு 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் சில விலக்குகளைத் தருகிறது. பொதுமக்கள் பார்க்கும் தளத்தில் ஏற்றுவதற்கு அந்த விலக்கு நீளாது. பாடல் வரி, மெட்டு, ஒலிப்பதிவு ஆகிய மூன்றுக்கும் தனித்தனி உரிமை உண்டு; அவை வெவ்வேறு கைகளில் இருக்கலாம். நீங்களே மறுபடியும் பாடிப் பதிவு செய்தாலும் வரிக்கும் மெட்டுக்குமான உரிமை அப்படியே நிற்கும்.

சொந்தப் பாடல் இல்லையென்றால் பாரதியாரிடம் செல்லுங்கள் என்பேன். அவர் மறைந்தது 1921இல். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் என்ற காலவரம்பு எப்போதோ கடந்துவிட்டது. அதற்கும் முன்பே, 1949இல் அவருடைய எழுத்துகளின் உரிமையை அன்றைய சென்னை மாகாண அரசு வாங்கி, பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. ஆனால் புது மெட்டு நீங்கள் போட வேண்டும். திரைப்படத்திலோ கச்சேரியிலோ கேட்ட மெட்டு, அதை அமைத்தவருக்குச் சொந்தமானதாக இருக்கக்கூடும். நண்பர் இசையமைத்தாலும், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் எல்லோரிடமும் ஒரு பக்க ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதே வாங்குவது இருவருக்கும் நல்லது.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் எடுக்க விரும்புகிறோம். டிரோனும் இருக்கிறது.
– மாணவர், செங்கல்பட்டு

அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். அங்கே படப்பிடிப்பு நடத்த அத்துறையின் முன் உரிமம் வேண்டும். டிரோனுக்கு 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளும் பொருந்தும். கல்லூரிக் கால அட்டவணைக்குள் இவையெல்லாம் கைகூடுவது கடினம். பாடலுக்கு அந்த இடம்தான் வேண்டுமா, அல்லது கல்லும் கடலும் வேண்டுமா என்று யோசியுங்கள். இரண்டாவது என்றால் வேறு கடற்கரை கிடைக்கும். அதற்கும் உள்ளாட்சி அமைப்பிடமும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி பெறுங்கள்.

அட்டையில் தமிழில் தலைப்பு எழுதினால் எழுத்துகள் சிதறுகின்றன. கொம்பு இடம் மாறி விழுகிறது. ஆங்கிலத்திலேயே வைத்துவிடலாமா?
– வடிவமைப்பு மாணவி, சென்னை

வேண்டாம், தயவுசெய்து. தமிழில் பாடிய பாட்டுக்குத் தமிழ் எழுத்தைப் போல் பொருந்துவது வேறில்லை. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில், முன்விருப்பங்களில் (Preferences) எழுத்து (Type) என்ற பகுதிக்குச் சென்று, தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பு முறையைத் தேர்ந்தெடுத்து, மென்பொருளை மூடித் திறந்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். எழுத்துரு யூனிகோடில் இருக்க வேண்டும். கூகுள் எழுத்துருத் தொகுப்பில் கேடமரன், ஹிந்த் மதுரை, முக்தா மலர், பவானம், கவிவனார் போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. வணிகப் பயன்பாட்டுக்கும் தடையில்லை. இணையத்தில் எங்கிருந்தோ இறக்கிய எழுத்துருவுக்கு அந்த உறுதி இருக்காது.

ஆங்கிலத் தலைப்புகளில் எழுத்துகளை அகலப் பரப்பி அழகு செய்வதைப் பார்த்து அப்படியே தமிழில் செய்துவிடாதீர்கள். இடைவெளி கூடினால் துணைக்கால் தன் எழுத்தை விட்டு விலகி, தனி எழுத்தைப் போல் நிற்கும். ‘கா’ என்பதை ‘கர’ என்று படிக்க நேரிடும். நீண்ட தலைப்பை இரண்டு வரியாக உடைக்கும்போது பொருள் பிரிகிற இடத்தில் உடையுங்கள்; புள்ளி வைத்த எழுத்து வரியின் முதலில் வரலாகாது. முடிந்தால் குழுவில் நல்ல கையெழுத்து உள்ளவரைத் தூரிகையால் எழுதச் சொல்லி, வருடியில் (ஸ்கேனர்) ஏற்றிப் பயன்படுத்துங்கள். காணொளியின் தொடக்கத்தில் வரும் தலைப்பும் அதே எழுத்தாக இருந்தால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று பார்ப்பவருக்குத் தெரியும்.

வேலை முடிந்ததும் அட்டையைக் கைபேசித் திரையில் நகத்தளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். தலைப்பு படிக்க முடியாவிட்டால் எழுத்தைப் பெரிதாக்குங்கள். படம் புரியாவிட்டால் அதிலிருந்து ஏதேனும் ஒன்றை நீக்குங்கள். பாடல் தளங்களுக்கு அனுப்பும் அட்டையில் இணைய முகவரி, விலை, சமூக ஊடகக் கணக்கின் பெயர் போன்றவை இருந்தால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அச்சிட்டுத் துறையில் சமர்ப்பிப்பதானால் 12 செ.மீ. சதுரத்துக்கு நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதல் விளிம்பு விட்டு, அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில், அச்சுக்குரிய சி.எம்.ஒய்.கே. நிறமுறைக்கு மாற்றிய தனிக் கோப்பாகக் கொடுங்கள். திரையில் மின்னுகிற நீலம் அச்சில் மங்கும் என்பதால், ஒரு பிரதி மட்டும் முதலில் அச்சிட்டுப் பார்த்துவிட்டு மீதியைப் போடச் சொல்லுங்கள்.