ஒரே வீடியோ கேமுக்குக் கன்சோலுக்குக் கன்சோல் மதிப்பெண் மாறுகிறதே, எதை நம்பி வாங்குவது?

கேள்வி: என்னிடம் பழைய பிளேஸ்டேஷன் 4-உம் முதல் தலைமுறை ஸ்விட்ச்சும் இருக்கின்றன. ஹாக்வார்ட்ஸ் லெகசி என்ற விளையாட்டை வாங்க நினைக்கிறேன். ஒவ்வொரு கன்சோலுக்கும் ஒவ்வொரு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். எந்த விமர்சனத்தை நம்புவது? சிங்கப்பூரில் வசிக்கிறேன்.

பதில்:

மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் விமர்சனத்தில் ஒரு வரியைத் தேடுங்கள். கட்டுரையின் அடியிலோ ஓரத்திலோ சின்ன எழுத்தில் இருக்கும்: எந்த இயந்திரத்தில் விளையாடிவிட்டு எழுதினார்கள் என்ற வரி. உங்கள் வீட்டில் உள்ள இயந்திரத்தின் பெயர் அங்கே இல்லையென்றால், அந்த மதிப்பெண் வேறு யாருக்கோ போடப்பட்டது. கதை எப்படி, சண்டை எப்படி என்று தெரிந்துகொள்ள அந்தக் கட்டுரையைத் தாராளமாகப் படிக்கலாம். எழுபது, எண்பது வெள்ளியை எடுத்து நீட்டுவதற்கு அது போதாது.

இதற்குச் சாட்சி கேட்டால் எல்லோரும் சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டைத்தான் காட்டுவார்கள். நானும் அதையே காட்டுகிறேன், ஏனென்றால் அங்கே நடந்ததைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. வெளியீடு 2020 டிசம்பர் 10. அதற்கு முன் விமர்சகர்களுக்குக் கொடுக்கப்பட்டது கணினிப் பதிப்பு மட்டும். அதிலும் அவர்கள் தாங்களே பதிவுசெய்த காட்சிகளைக் காட்டக் கூடாது, நிறுவனம் கொடுத்த காட்சிகளைத்தான் காட்டலாம் என்று கட்டுப்பாடு. எழுதியவர்கள் யாரும் பொய் எழுதவில்லை. வலுவான கணினியில் அது உண்மையிலேயே பெரிய விளையாட்டாகத்தான் இருந்தது. ஆனால் முன்பதிவு மட்டுமே 8 மில்லியன் பிரதிகள். அவற்றில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கன்சோல்காரர்களுடையது. அவர்கள் டிஸ்கைப் போட்டுப் பார்த்தபோது சாலையில் கார்கள் திடீரென்று முளைத்தன, சுவர்கள் மங்கலாகத் தெரிந்தன, ஆட்டம் பாதியில் நின்று முகப்புத் திரைக்கே திரும்பியது. கடைசியில், விமர்சகர்களின் மதிப்பெண்களைச் சேர்த்துச் சராசரி போடும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் கணினிப் பதிப்புக்கு 86, பிளேஸ்டேஷன் 4 பதிப்புக்கு 57. கதை அதே, குரல்கள் அவையே, பெயரும் அதே. ஒரு வாரம் கழித்து சோனி தன் இணையக் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டது. 2021 ஜூன் 21-ஆம் தேதிதான் திரும்ப வைத்தது.

இந்தக் கதையின் பின்பாதியைப் பலர் சொல்வதில்லை, உங்களுக்கு வேண்டியது அதுதான். 2023 செப்டம்பரில் 2.0 என்ற பெரிய மாற்றமும் ஃபேன்டம் லிபர்ட்டி என்ற கூடுதல் கதையும் வந்தன. அதுவரை திட்டியவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். அந்த இரண்டுமே பிளேஸ்டேஷன் 4-க்கு வரவில்லை. ‘இப்போது எல்லாம் சரியாகிவிட்டது’ என்று எங்காவது படித்துவிட்டு அந்த இயந்திரத்துக்கு இன்று டிஸ்க் வாங்குபவருக்கு, அந்தப் பாராட்டில் ஒரு வரிகூடச் சேராது. ஆகவே இயந்திரத்தோடு விமர்சனத்தின் தேதியையும் பாருங்கள்.

மறைப்பதற்கு யாரும் முயலாதபோதும் இது நடக்கும். ஸ்கைரிம் என்ற விளையாட்டு 2011 நவம்பர் 11-இல் வெளியானது. எக்ஸ்பாக்ஸ் 360-இல் 96, பிளேஸ்டேஷன் 3-இல் 92. நான்கு மதிப்பெண்தானே என்று தோன்றும். ஆனால் பிளேஸ்டேஷன் 3-இல் பல மணி நேரம் விளையாடி, சேமிப்புக் கோப்பு பெருகப் பெருக, ஆட்டம் நத்தையாக ஊர்ந்தது. எக்ஸ்பாக்ஸ் 360-இல் 512 எம்பி நினைவகம் ஒரே பொதுக் கிடங்காக இருந்தது. பிளேஸ்டேஷன் 3-இல் அதே அளவு 256, 256 என்று இரண்டாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. எதையும் மறக்காமல் நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு விளையாட்டுக்கு அந்தப் பிரிவினை ஒத்துவரவில்லை. குறுகிய நாள்களில் ஓட்டி முடித்து எழுதிக் கொடுக்க வேண்டிய விமர்சகரின் கண்ணில் இது படுவது கடினம். மெதுவாக, வார இறுதிகளில் ரசித்து ஆடுபவரின் கண்ணில்தான் படும். டான்கார்ட் என்ற அதன் கூடுதல் பகுதி எக்ஸ்பாக்ஸுக்கு 2012 ஜூனில் வந்தது, பிளேஸ்டேஷன் 3-க்கு 2013 பிப்ரவரியில்தான் வந்தது. அந்த எட்டு மாத இடைவெளி சொன்னதை 92 என்ற எண் சொல்லவே இல்லை.

கணினிதான் எப்போதும் மேல் என்றும் நினைத்துவிட வேண்டாம். பேட்மேன்: ஆர்க்கம் நைட் 2015 ஜூனில் கன்சோல்களில் நன்றாக ஓடியது. கணினிப் பதிப்பு அவ்வளவு மோசம், ஓரிரு நாளில் விற்பனையை நிறுத்தி அக்டோபர் இறுதியில்தான் மீண்டும் கொண்டுவந்தார்கள்.

பழைய காலத்தில் நிலைமை இன்னும் வேடிக்கை. 1993-இல் அலாதீன் விளையாட்டு மெகா டிரைவிலும் வந்தது, சூப்பர் நின்டெண்டோவிலும் வந்தது. ஒன்றைச் செய்தது வர்ஜின் நிறுவனம், மற்றதைச் செய்தது கேப்காம். ஒன்றில் அலாதீன் கையில் வாள் உண்டு, மற்றதில் கிடையாது. அட்டையில் ஒரே முகம், உள்ளே இரண்டு வேறு விளையாட்டுகள்! அப்போது மதிப்பெண் மாறியதில் யாருக்கும் வியப்பில்லை. இன்று உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று நாம் நம்பிவிடுவதால்தான் குழப்பமே.

இனி ஸ்விட்ச். இங்கே மதிப்பெண் வேறு விதமாக ஏமாற்றும். ஒரு பெரிய விளையாட்டு முதலில் பிளேஸ்டேஷனிலும் கணினியிலும் வந்து, ஒன்றிரண்டு ஆண்டுகள் கழித்து ஸ்விட்ச்சுக்கு மாற்றியமைக்கப்படும்போது, அதை விமர்சிப்பவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள். எண்ணிக்கையிலும் குறைவு. மெட்டாகிரிட்டிக் நான்கு விமர்சனங்கள் சேர்ந்தாலே சராசரி போட்டுவிடும். அப்படி எழுத முன்வருபவரும் பெரும்பாலும் அந்த விளையாட்டை ஏற்கெனவே வேறு இயந்திரத்தில் முடித்தவர், அதை விரும்பியவர். அவர் எழுதும் முதல் வாக்கியமே ‘இவ்வளவு சின்ன இயந்திரத்தில் இது எப்படி ஓடுகிறது’ என்ற வியப்பாக இருக்கும். அந்த வியப்புக்கும் சேர்த்துத்தான் மதிப்பெண். முதல் முறையாக விளையாடப் போகும் உங்களுக்கு அந்த வியப்பு எப்படி வரும்? உங்களுக்குத் தெரியப்போவது மங்கலான படம்தான்.

ஆனாலும் விமர்சகர் டிவியில் பார்த்துக் குறை சொன்ன பதிப்பு நம் ஊரில் சிலருக்குச் சரியாகவே பொருந்தும். 2019 அக்டோபரில் விட்சர் 3 ஸ்விட்ச்சுக்கு வந்தபோது அதை 32 ஜிபி கார்ட்ரிட்ஜுக்குள் அடக்கியிருந்தார்கள். படத்தின் கூர்மை, டிவியில் இணைத்தால் அதிகபட்சம் 720பி, கையில் வைத்து விளையாடினால் 540பி. பெரிய டிவியில் அதைப் போட்டால் மரங்களெல்லாம் பிசைந்த கீரை போலத் தெரியும். அதையே பாசிர் ரிஸில் எம்ஆர்டி ரயில் ஏறி ஜூரோங் ஈஸ்ட் வரும்வரை ஆறு அங்குலத் திரையில் ஆடிக்கொண்டு வந்தால் ஒரு குறையும் தெரியாது. என் அக்கா மகன் தேசிய சேவையில் இருந்தபோது அந்த விளையாட்டு முழுவதையும் முகாமுக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலுமே முடித்தான். ‘மாமா, நீங்கள் டிவியில் பார்ப்பதால்தான் குறை சொல்கிறீர்கள்’ என்பது அவன் கட்சி. அவன் சொல்வதில் நியாயம் உண்டு. டிவியில் ஆடுவீர்களா, கையில் வைத்து ஆடுவீர்களா என்பதை முதலில் நீங்கள் முடிவு செய்துகொள்ள வேண்டும். விமர்சகர் எதில் ஆடினார் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும், அதுவும் நம் ஊர் வழக்கு. ஒன்-நார்த் வட்டாரத்தில் இருக்கும் யூபிசாஃப்ட் சிங்கப்பூர் முன்னின்று செய்த ஸ்கல் அண்ட் போன்ஸ், 2017-இல் அறிவிக்கப்பட்டு, தள்ளித் தள்ளி 2024 பிப்ரவரியில்தான் கரை சேர்ந்தது. பெரிய விளையாட்டுகளை மூன்று ‘ஏ’ என்பது வழக்கம், நிறுவனத்தின் தலைவர் இதை நான்கு ‘ஏ’ தரம் என்றே அழைத்தார். சராசரி மதிப்பெண் 60-ஐ ஒட்டி நின்றது. உள்ளூர்க்காரர்களின் பெயர்கள் திரையில் ஓடும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கடலையும் அலைகளையும் இவர்களைப் போல் வரைய ஆள் குறைவு என்று இன்றும் சொல்வேன். ஆனால் கணினியானாலும் கன்சோலானாலும் விமர்சகர்களின் குறை ஒன்றாகவே இருந்தது: கப்பலைவிட்டு இறங்கினால் செய்வதற்கு ஒன்றுமில்லை, திரும்பத் திரும்ப ஒரே வேலை. எல்லா இயந்திரங்களிலும் ஒரே குறை வந்தால் கோளாறு விளையாட்டில் இருக்கிறது. இன்னும் விலையுயர்ந்த கன்சோல் வாங்கினாலும் தீராது. ஓர் இயந்திரத்தில் மட்டும் மதிப்பெண் பள்ளத்தில் விழுந்தால் கோளாறு மாற்றியமைத்த விதத்தில் இருக்கிறது. அது பிற்பாடு திருத்தப்படலாம், திருத்தப்படாமலும் போகலாம்.

எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. விமர்சனத்தில் வெறும் ‘எக்ஸ்பாக்ஸ்’ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் சீரிஸ் எக்ஸ். மலிவான சீரிஸ் எஸ்-இல் நினைவகம் 10 ஜிபிதான், எக்ஸ்-இல் 16 ஜிபி. பால்டர்ஸ் கேட் 3 எக்ஸ்பாக்ஸுக்கு 2023 டிசம்பர்வரை தாமதமானதே, இருவர் திரையைப் பிரித்து ஆடும் வசதியை எஸ்-இல் ஓட்ட முடியாமல் போனதால்தான். கடைசியில் எஸ்-இல் அந்த வசதி இல்லாமலேயே வெளியிட்டார்கள்.

சரி, எங்கே பார்ப்பது? மெட்டாகிரிட்டிக் இயந்திரவாரியாக மதிப்பெண்ணைப் பிரித்துக் காட்டும், அதனால் அதைப் பார்க்கலாம். ஓபன்கிரிட்டிக் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஒரே எண்ணாகத் தரும், அது உங்கள் கேள்விக்கு உதவாது. என்னைக் கேட்டால் இரண்டையும்விட டிஜிட்டல் ஃபவுண்ட்ரி என்ற குழு செய்யும் ஒப்பீடுகள் மேல். அவர்கள் மதிப்பெண் போடுவதில்லை. எந்த இயந்திரத்தில் வினாடிக்கு எத்தனை பிரேம் (படச்சட்டம்), எங்கே தடுமாறுகிறது என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். எல்டன் ரிங்கைப் பிளேஸ்டேஷன் 5-இல் ஆடுபவர்கள் பிளேஸ்டேஷன் 4 பதிப்பை அதில் போட்டால் ஆட்டம் இன்னும் சீராக ஓடும் என்று எடுத்துக்காட்டியவர்கள் அவர்கள்தான். இப்படி ஒரு தகவல் எந்த மதிப்பெண்ணிலாவது கிடைக்குமா? அவர்கள் தொடாத விளையாட்டாக இருந்தால், உங்கள் இயந்திரத்தின் பெயரைச் சேர்த்து யூடியூபில் தேடி, சாதாரண ஆட்கள் பதிவேற்றிய காட்சியைப் பாருங்கள். தொடக்கக் காட்சி எப்போதும் அழகாகத்தான் இருக்கும். கூட்டம் நிறைந்த ஊருக்குள் நுழையும் இடத்துக்கு ஓட்டிப் பாருங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கணினியில் ஸ்டீம் கடை, வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறது. பிளேஸ்டேஷன் இணையக் கடையில் பதிவிறக்கத்தைத் தொடங்கிவிட்டால் பொதுவாக அந்த உரிமை போய்விடும். அதனால் கன்சோலுக்கு நான் டிஸ்கோ கார்ட்ரிட்ஜோதான் வாங்குவேன். பிடிக்கவில்லையா, ஒரு படம் எடுத்து, பழைய பொருள்களை விற்கும் கேரோசல் செயலியில் போட்டால் யாராவது வீட்டருகே உள்ள எம்ஆர்டி நிலையத்துக்கே வந்து வாங்கிக்கொள்வார்கள். புதிது வந்த முதல் சில வாரங்களில் விலை அவ்வளவாக இறங்காது. கடையில் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ‘9/10’ தாளைப் பார்த்து மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஒருமுறை ஒரு கடைக்காரரிடம் ‘இது எந்த கன்சோலுக்குக் கிடைத்த ஒன்பது’ என்று கேட்டேன், அவர் எதிரே இருந்த கீச்செயின்களைக் காட்டி ‘இன்று இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்றார்.

இப்போது உங்கள் ஹாக்வார்ட்ஸ் லெகசி. 2023 பிப்ரவரியில் வந்த பாராட்டுகள் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், கணினிப் பதிப்புகளுக்கு உரியவை, அவற்றை ஒதுக்கிவையுங்கள். பிளேஸ்டேஷன் 4 பதிப்பு மே 5-இல் வந்தது, ஸ்விட்ச் பதிப்பு நவம்பர் 14-இல். ஸ்விட்ச்சில் ஹாக்ஸ்மீட் கிராமத்துக்குள் நுழைய ஒரு லோடிங், அங்கே கடைக்குள் நுழைய இன்னொன்று. சுற்றித் திரிவதுதான் அந்த விளையாட்டின் சுகமே, அதில் வாசலுக்கு வாசல் நிறுத்தினால் எனக்குப் பொறுமை போய்விடும். டிவியில் ஆடப் போகிறீர்கள் என்றால் பிளேஸ்டேஷன் 4 டிஸ்க், அதையும் பழையதாகவே வாங்குங்கள். ரயிலில் மட்டும்தான் நேரம் கிடைக்கும் என்றால் ஸ்விட்ச் பதிப்பு போதும். ஸ்விட்ச் 2 வாங்கும் எண்ணம் இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். 2025 ஜூனில் அதற்கென்று வந்த பதிப்பில் ஹாக்ஸ்மீடுக்குள் நேராக நடந்தே போகலாம். எதை வாங்கினாலும் வீட்டு இணையத்தில் இணைத்து, கடைசியாக வந்த பேட்ச் (திருத்தம்) முழுவதையும் இறக்கிய பிறகு ஆரம்பியுங்கள்.