பின்தங்கிய வட்டாரங்களுக்குப் போகும் பணம்: கேள்வி பதில்

அரசுத் திட்டக் கணக்குகளைத் தணிக்கை செய்வதில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வளர்ந்த பகுதிக்கும் பின்தங்கிய பகுதிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்க அரசு கொடுக்கும் பணத்தைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். ஒரு வேண்டுகோள்: ஒதுக்கீடு (காகிதத்தில் எழுதியது) வேறு, விடுவிப்பு (உண்மையில் அனுப்பியது) வேறு, செலவு வேறு. தொகையைச் சொல்லும்போது இந்த மூன்றில் எது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தஞ்சாவூர், கல்லூரி மாணவி: நிதி ஆணையம் ஏழை மாநிலங்களுக்கு எந்தக் கணக்கில் கூடுதலாகக் கொடுக்கிறது?

அரசியலமைப்பின் 280ஆவது பிரிவின்படி நிதி ஆணையம் அமைகிறது. வரிப் பகிர்வில் அது இரண்டு பரிந்துரைகளைச் செய்யும். மத்திய வரிகளின் பகிரத்தக்க தொகுப்பில் மாநிலங்களுக்கு மொத்தமாக எவ்வளவு என்பது முதல் பரிந்துரை. 15ஆவது ஆணையம் இதை 41 சதவீதம் என்று வைத்தது. அதை மாநிலங்களுக்குள் எப்படிப் பிரிப்பது என்பது இரண்டாவது. மொத்தம் 100இல், மக்கள்தொகைக்கு 15, பரப்புக்கு 15, காடு மற்றும் சூழலுக்கு 10, மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக்கு 12.5, வரி வசூல் முயற்சிக்கு 2.5 என்று எடை கொடுத்தார்கள். மீதி 45 முழுக்க வருமான இடைவெளிக்கு. தலா வருமானம் மிக அதிகமான மாநிலத்திலிருந்து உங்கள் மாநிலம் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவுக்குப் பங்கு கூடும். உத்தரப் பிரதேசத்துக்கு 17.939, பீகாருக்கு 10.058, தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம் என்று வந்தது இப்படித்தான்.

கடலூர் மாவட்டம், முன்னாள் ஊராட்சித் தலைவர்: பின்தங்கிய பகுதிகள் மானிய நிதி என்று ஒன்று எங்கள் மாவட்டத்துக்கு வந்துகொண்டிருந்தது. அப்புறம் நின்றுவிட்டது. அதனால் என்ன பலன் என்று உங்களுக்குத் தெரியுமா?

வணக்கம் தலைவரே. நான் மிகவும் எதிர்பார்த்த கேள்வி இது.

2006-07இல் நாடு முழுவதும் 250 மாவட்டங்களுடன் அந்தத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை ஆகிய 6 மாவட்டங்கள். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வருடத்துக்குக் குறைந்தது 10 கோடி, அதற்கு மேல் மக்கள்தொகையையும் பரப்பையும் பார்த்து. எந்தத் திட்டத்திலும் அடங்காமல் விட்டுப்போன வேலைக்கு இந்தப் பணம் என்பது நோக்கம். கிராம சபை கேட்க வேண்டும், மாவட்டத் திட்டக் குழு தொகுக்க வேண்டும். காகிதத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. 2015இல் மத்திய அரசு தன் பங்கை நிறுத்தியது.

நடைமுறை எப்படி இருந்தது? இதைப் போன்ற ஒரு திட்டத்தின் கணக்கைப் பார்க்க, ஊரைச் சொல்ல விரும்பவில்லை, ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்குப் போயிருந்தேன். மாணவியர் விடுதி ஒன்று கட்டி முடித்து 3 வருடம் ஆகியிருந்தது. பணம் செலவானதைச் சொல்லும் பயன்பாட்டுச் சான்றிதழ் ஒழுங்காக இருந்தது, கட்டியதை அளந்து எழுதும் அளவுப் புத்தகம் ஒழுங்காக இருந்தது. விடுதி பூட்டிக் கிடந்தது. காப்பாளர் பணியிடம் யாரும் அனுமதிக்கவில்லை, சமையலர் சம்பளத்துக்குக் கணக்கில் இடமே இல்லை. கூடத்தில் யாரோ வேர்க்கடலை காய வைத்திருந்தார்கள். என் கணக்கில் அதில் ஒரு ரூபாய்கூடத் தப்பு இல்லை. பக்கத்து ஊர்ப் பெண்பிள்ளைகள் 9 கிலோமீட்டர் நடந்துகொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து நான் யாரிடமும் முதலில் கேட்பது, கட்டிய பிறகு சம்பளம் யார் தருவார்கள் என்பதைத்தான்.

பின்தங்கிய பகுதிக்கான பணம் பெரும்பாலும் கட்டடமாகத்தான் வருகிறது. கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு, ஆசிரியர் சம்பளத்துக்குக் கிடையாது. ஆனால் பின்தங்கிய ஊரில் குறைவது ஆள்தான்: மருத்துவர், செவிலியர், கணக்கு ஆசிரியர். இன்னொன்றும் உண்டு. அடுத்த தவணை வர வேண்டுமானால் முந்தையதைச் செலவழித்த சான்று கொடுக்க வேண்டும். பொறியாளரும் எழுத்தரும் போதுமான அளவு இல்லாத ஒன்றியத்தில் அந்தச் சான்று தாமதமாகும், தவணையும் தள்ளிப்போகும். எந்த இடம் மிகவும் பலவீனமோ அந்த இடம்தான் பணத்தை முதலில் இழக்கும். இதைச் சரிசெய்யாத எந்தத் திட்டத்தையும் நான் நம்புவதில்லை.

தர்மபுரி: எங்கள் மாவட்டத்துக்குச் சிறப்பு அந்தஸ்து கேட்க முடியுமா?

முடியாது. அது சில மாநிலங்களுக்குக் கூடுதல் மத்திய உதவி தர 1969இல் வந்த ஏற்பாடு. மாவட்டத்துக்கு அல்ல.

சேலம்: தமிழ்நாடு மத்திய அரசுக்கு வரியாக 1 ரூபாய் கொடுத்தால் 29 பைசாதான் திரும்ப வருகிறது என்கிறார்கள். இது நியாயமா?

கணக்கின் அடியைப் பார்ப்போம். நேரடி வரி, நிறுவனம் எந்த ஊர் முகவரியில் கட்டுகிறதோ அந்த மாநிலத்தின் பெயரில் பதிவாகும். தொழிற்சாலை ஓர் இடம், தலைமை அலுவலகம் வேறு இடம் என்றால் வருமானம் பிறந்த இடத்தை அந்த எண் காட்டாது. அதோடு, இந்த 29 பைசாவில் பெரும்பாலும் வரிப் பகிர்வு மட்டும்தான் இருக்கிறது. மானியங்களும் மத்தியத் திட்டங்களும் வெளியே நிற்கின்றன. எனவே அந்த எண்ணை நான் எங்கும் பயன்படுத்துவதில்லை.

கோவை, பட்டயக் கணக்கர்: ஐயா, மன்னிக்கவும். ஜிஎஸ்டிக்கு உங்கள் வாதம் பொருந்தாது. அது பொருள் நுகரப்படும் மாநிலத்துக்கு வரும் வரி. தமிழ்நாட்டின் ஜிஎஸ்டி தமிழ்நாட்டு மக்கள் கட்டியதுதான்.

நீங்கள் சொல்வது சரி. ஜிஎஸ்டி விஷயத்தில் என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். கம்பெனி வரிக்கும் வருமான வரிக்கும் மட்டும் நான் சொன்னது நிற்கும்.

அதே கோவை அன்பர்: அப்படியானால் குறையே இல்லை என்கிறீர்களா? இத்தனை ஆணையம் வந்தும் பீகாரின் தலா வருமானம் தேசிய சராசரியில் மூன்றில் ஒரு பங்குதானே? பணம் வேலை செய்யவில்லை என்றுதானே பொருள்?

குறை இருக்கிறது. அதை உரக்கச் சொல்ல வேண்டும். 12ஆவது ஆணையத்தில் நமக்கு 5.305 சதவீதம், 13இல் 4.969, 14இல் 4.023. குடும்பக் கட்டுப்பாட்டைச் செய்து காட்டிய மாநிலம் அதனாலும் பங்கை இழந்தது. அதைவிடப் பெரிய குறை செஸ்ஸும் சர்சார்ஜும், அதாவது வரிக்கு மேல் மத்திய அரசு போடும் கூடுதல் வரிகள். அவை மாநிலங்களோடு பகிரப்படுவதில்லை. 2011-12இல் மத்திய வரி வருவாயில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருந்தவை, 2020-21இல் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் போயின. 41 என்று சொல்லிக்கொண்டே தொகுப்பைச் சுருக்கும் வேலை இது. இதில் சென்னையும் பாட்னாவும் ஒரே பக்கம் நிற்க வேண்டியவை. சண்டை மாநிலங்களுக்குள் என்று ஆகிவிட்டதே என்பதுதான் என் வருத்தம்.

பீகார் விஷயத்தில் நான் உங்களோடு உடன்படவில்லை. இவ்வளவு பங்கு போயும், ஒரு ஆளுக்கு அரசு செலவிடும் தொகையில் பீகார் இன்றும் மாநிலங்களில் கடைசி வரிசையில்தான் இருக்கிறது. அந்தப் பணம் அங்கே பள்ளியை நடத்தத்தான் போதும், நம்மை எட்டிப்பிடிக்கப் போதாது. இன்னொரு பழைய கணக்கும் இருக்கிறது. 1950களிலிருந்து 1990களின் தொடக்கம் வரை சரக்குக் கட்டணச் சமன்பாடு என்ற கொள்கை இருந்தது. இரும்பும் எஃகும் நாட்டின் எந்த மூலைக்கும் ஒரே விலையில் போகும்படி ரயில் கட்டணத்தைச் சமன் செய்தார்கள். சுரங்கத்தின் பக்கத்தில் ஆலை வைக்க வேண்டிய காரணமே போய்விட்டது. அன்றைய பீகாரும் ஒடிசாவும் மேற்கு வங்கமும் தங்கள் ஒரே அனுகூலத்தை இழந்தன. தெற்கும் மேற்கும் வளர்ந்தன. நம் உழைப்பும் கல்வியும் பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பழைய கொள்கையை விட்டுவிட்டுக் கணக்கு எழுதக் கூடாது.

திருப்பூர், பனியன் நிறுவனம் நடத்துபவர்: என்னிடம் வேலை செய்பவர்களில் பாதிப் பேர் பீகார் பையன்கள். அவர்களை 18 வயதுவரை வளர்த்துப் படிக்க வைத்த செலவு எந்தக் கணக்கில் வருகிறது?

எந்தக் கணக்கிலும் வருவதில்லை. நல்ல கேள்வி கேட்டீர்கள். கோவை நண்பர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

கோவை அன்பர்: நியாயம்தான். ஆனால் கொடுத்த பணம் அங்கே பிள்ளைகளுக்குப் போகிறதா என்று கேட்கும் உரிமை எனக்கு உண்டு.

உண்டு. அந்த உரிமை பீகாரில் இருக்கும் தாய்க்கு உங்களைவிட அதிகம். வரிப் பகிர்வு நிபந்தனை இல்லாத பணம் என்பதால் அதை அவர்கள் சட்டமன்றம்தான் கேட்க முடியும்.

மதுரை: 29 பைசா பற்றி?

மேலே பார்க்கவும்.

நெல்லை: வரியில் நமக்கு 29 பைசாதான் வருகிறதாமே, உண்மையா?

மேலே இரண்டு பதில்கள் இருக்கின்றன. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

ஓசூர்: ஐரோப்பாவில் இதை எப்படிச் செய்கிறார்கள்?

அங்கே கணக்கு நாட்டுக்கு அல்ல, வட்டாரத்துக்கு. ஐரோப்பிய வட்டார வளர்ச்சி நிதியம் 1975இல் தொடங்கியது. ஒரு வட்டாரத்தின் தலா உற்பத்தி ஐரோப்பிய ஒன்றியச் சராசரியில் 75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது பின்தங்கியது. அதற்கு அதிகப் பணம், திட்டச் செலவில் 85 சதவீதம் வரை. இதனால்தான் இத்தாலி பணக்கார நாடாக இருந்தும் அதன் தெற்குப் பகுதிக்குப் பணம் போகிறது. நம் நிதி ஆணையம் மாநிலத்தோடு நின்றுவிடுகிறது. காஞ்சிபுரமும் அரியலூரும் அதன் கண்ணில் ஒரே தமிழ்நாடு. குறித்த காலத்துக்குள் செலவழிக்காத பணம் அங்கேயும் திரும்பிப் போகும், அங்கேயும் பலவீனமான வட்டாரம்தான் தடுமாறுகிறது.

மும்பை வாழ் தமிழர்: மகாராஷ்டிரத்தின் பின்தங்கிய பகுதிகளான விதர்பா, மராத்வாடாவுக்குத் தனி வளர்ச்சி வாரியம் இருந்ததே?

அரசியலமைப்பின் 371(2) பிரிவின்படி 1994இல் வந்தது. அதற்கு முன் மாநில அரசு அமைத்த தாண்டேகர் குழு 1984 அறிக்கையில் ஒரு நல்ல காரியம் செய்தது. பாசனம், சாலை, பள்ளி என்று துறை துறையாக, ஒவ்வொரு மாவட்டமும் மாநிலச் சராசரியை எட்ட எவ்வளவு பாக்கி என்று ரூபாயில் எழுதியது. மொத்தம் சுமார் 3,187 கோடி. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விதர்பாவுக்கும் மராத்வாடாவுக்கும் வெளியே இருந்தது. அதாவது வளர்ந்த பகுதி என்று சொல்லப்பட்டதற்குள்ளேயே அவ்வளவு பள்ளம். வாரியங்களின் காலம் 2020 ஏப்ரலில் முடிந்தது. தமிழ்நாட்டுக்கும் இப்படி ஒரு பாக்கிப் பட்டியல் வேண்டும், ஒன்றியம் ஒன்றியமாக.

கள்ளக்குறிச்சி: எங்கள் பகுதிக்கு 40 கோடி என்று செய்தி. போதுமா?

ஒதுக்கீடா, விடுவிப்பா, செலவா? அது தெரியாமல் பதில் இல்லை.

ஈரோடு: 16ஆவது நிதி ஆணையம்?

தனியாகப் பேச வேண்டிய விஷயம். இன்று 15 வரை மட்டும்.

வேலூர்: என் ஓய்வூதிய நிலுவை...

என் துறை அல்ல. உங்கள் மாவட்டக் கருவூலத்தில் கேளுங்கள்.

ராமநாதபுரம், பள்ளி ஆசிரியை: எங்கள் மாவட்டம் 2018 முதல் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் இருக்கிறது. பெரிய தொகை எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. ஏன்?

அந்தத் திட்டத்தில் தனியாகப் பெரிய நிதி இல்லை, அம்மா. இருக்கிற திட்டங்களை ஒருங்கிணைத்து, 112 மாவட்டங்களையும் சுகாதாரம், கல்வி போன்ற குறியீடுகளில் தரவரிசைப்படுத்துவதுதான் முறை. தமிழ்நாட்டில் உங்கள் மாவட்டமும் விருதுநகரும். எனவே எவ்வளவு வந்தது என்று கேட்டால் பதில் கிடைக்காது. உங்கள் ஒன்றியத்தில் காலியாக இருக்கும் ஆசிரியர், செவிலியர் பணியிடம் எத்தனை, எத்தனை மாதமாகக் காலி என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள். உட்கார்ந்து சேர்ந்து படிப்போம்.