டெங்கு போஸ்டர்: கடையில் விற்கும் சார்ட்டை வாங்கலாமா?

கேள்வி: மகள் ஏழாம் வகுப்பு. டெங்கு எதிர்ப்பு மாதத்துக்காகப் பள்ளியில் ‘கொசுக்கடியைத் தடுப்போம்’ என்று போஸ்டர் போட்டி. வரைந்த சார்ட்டே கடையில் 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கிக் கொடுத்துவிடலாமா? வரைவதென்றால் என்ன வரைய வேண்டும்?

பதில்: வாங்காதீர்கள். அந்த சார்ட்டுகளில் பெரும்பாலும் ஒரே படம்தான்: சாக்கடை, குப்பைமேடு, புகையடிக்கும் ஆள், இரவில் வலைக்குள் தூங்கும் குழந்தை. டெங்குவுக்கு இது பொருந்தாத படம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. சிமெண்ட் தொட்டி, பழைய டயர், கொட்டாங்குச்சி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு என்று வீட்டிலேயே தேங்கும் தெளிந்த நீர் அதற்குப் போதும். கடிப்பதும் பகலில், காலையிலும் பொழுது சாயும் முன்பும் அதிகம். புகை பறக்கும் கொசுவைக் கொல்லும், தொட்டிக்குள் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது. ஆனாலும் புகை இயந்திரம் இருக்கும் படத்துக்கே பரிசு போகிறது. நடுவர்களாக வருபவர்களுக்குக் கண்ணில் படுகிற வேலை அது ஒன்றுதானே!

போஸ்டரில் ஒரே ஒரு செய்தி போதும். நான் சொல்வது, தேய்த்துக் கழுவுவது. ஏடிஸ் முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை ஒட்டிக்கொண்டே இருக்கும். காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். நம் ஊர் வெயிலில் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள். அதனால்தான் வாரம் ஒருமுறை கழுவச் சொல்கிறோம். ஒரு குடத்தைக் குறுக்கே வெட்டியதுபோல் பெரிதாக வரையச் சொல்லுங்கள். தண்ணீர்க் கோட்டுக்கு மேல் மிளகுப்பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகள், அவற்றைத் தேய்க்கும் நாரும் கையும். மேலே ‘வாரம் ஒருநாள்: கொட்டு, தேய், மூடு’. வேறு வாசகம் வேண்டாம்.

கொசு வரைந்தால் உடல் கறுப்பு, கால்களில் வெள்ளைப் பட்டை, ஆறு காலும் நடு உடலிலிருந்து, இறக்கை இரண்டே. பிள்ளைகள் அழகுக்காக இறகுபோல் அடர்ந்த உணர்கொம்பு போட்டுவிடுகிறார்கள். அது ஆண் கொசு, கடிக்காது.

எழுத்து ஓர் அங்குல உயரமாவது இருந்தால் பத்தடி தள்ளி நிற்பவருக்கும் எளிதாகப் படிக்க வரும். மஞ்சள் தாளில் கறுப்பு எழுத்து எடுப்பாகத் தெரியும். முதலில் பென்சிலில் எழுதிப் பார்க்கட்டும். நேரே ஸ்கெட்ச் பேனாவில் தொடங்கினால் கடைசி எழுத்துக்கு இடம் இருக்காது. ஆயில் பேஸ்டல் சுருட்டும்போது அப்பிக்கொள்ளும். போஸ்டர் கலர் தேவலை.

ஒரு விதிவிலக்கை மட்டும் விளக்கிவிடுகிறேன். போட்டித் தலைப்பில் ‘மலேரியா’ என்றும் இருந்தால் பகல் கணக்கு மாறும். சென்னை போன்ற நகரங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சியும் மேல்நிலைத் தொட்டி, கிணறு என்று நல்ல தண்ணீரில்தான் வளர்கிறது. ஆனால் கடிப்பது இரவில். அப்போது கொசுவலையை வரைவது சரி, மூடிய தொட்டியும் கூடவே இருக்கட்டும். உங்கள் மகளின் தலைப்பு டெங்கு மாதத்துக்கானது. அதற்கு முழுக்கைச் சட்டைதான் பொருத்தம். அரைக்கைச் சீருடையில் வரச்சொல்லும் பள்ளியே முழுக்கைச் சட்டை வரையச் சொல்வதை என்னவென்று சொல்ல!

வாசனைக் கைவளையம், கொசுவை ஒலியால் விரட்டுவதாகச் சொல்லும் செல்போன் செயலி இரண்டையும் படத்தில் சேர்க்காதீர்கள். இவற்றை நம்பிக் கொசுக்கடியிலிருந்து தப்ப முடியாது. நிலவேம்புக் குடிநீரும் கொசு கடிப்பதைத் தடுக்காது.

இன்னொன்று. ஜூலை வந்தாலே ‘தேசிய அளவிலான ஆன்லைன் ஓவியப் போட்டி’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும். நுழைவுக் கட்டணம், பிறகு சான்றிதழ் கட்டணம், பிறகு கோப்பையை அனுப்பக் கூரியர் கட்டணம். பணம் கட்டிய எல்லோருக்குமே அங்கே ‘முதல் பரிசு’. பள்ளிக்கு வரும் அரசுப் போட்டிகளுக்குப் பொதுவாகக் கட்டணம் கிடையாது. பிள்ளையின் ஆதார் நகலையும் புகைப்படத்தையும் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த இணைப்பை வகுப்பு ஆசிரியரே குழுவில் போட்டிருந்தாலும், தலைமை ஆசிரியரிடம் சுற்றறிக்கையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.