டிஸ்சார்ஜ் ஆனவர் நடைபாதைக்குத் திரும்பினால்? சிஸ்டர் பதில்கள்

சென்னையில் அரசு மருத்துவமனை எலும்பு வார்டில் பல வருஷம் வேலை பார்த்த சிஸ்டர் இவர். ஓய்வு பெற்றபின், தெருவோரம் வாழ்பவர்களுக்குக் கட்டு மாற்றப் போகிறார். வந்த கேள்விகளுக்கு அவர் பதில்கள்:

தள்ளுவண்டிக் கடைக்காரர்: எங்க கடைப் பக்கம் படுக்கிற பெரியவர் காலில் வண்டி மோதிடுச்சு. எலும்புக்கு வெளியே கம்பி போட்டு அனுப்பிட்டாங்க. தூசியிலதான் கிடக்கிறார். நான் என்ன செய்யலாம் சிஸ்டர்?

கம்பி தோலுக்குள் நுழைகிற இடத்தைத் தினமும் பாருங்கள் தம்பி. அங்கே சிவந்தாலும், சீழ் கசிந்தாலும், கம்பி ஆடினாலும், காய்ச்சல் அடித்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மஞ்சள், பவுடர் எதையும் தூவாதீர்கள். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டு மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் கொடுக்கிற இட்லியில் பாதியை மிச்சம் வைக்கிறாரா? தண்ணீரும் குடிப்பதில்லையா? பசி இல்லாமல் இருக்காது. காலை மடக்கிக் குந்த முடியாது, அதனால் கழிப்பறைக்குப் போகிற தேவையே வரக் கூடாது என்று வயிற்றைக் காயப் போடுகிறார்கள். அப்படிக் கிடந்தால் புண் எப்படி ஆறும்? பழைய பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் நடுவே ஓட்டை வெட்டி, பொதுக் கழிப்பறைக்காரரிடம் சொல்லி உள்ளே போட்டு வையுங்கள். பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடும்.

மருத்துவ மாணவி: அட்டெண்டர் (கூட இருந்து பார்த்துக்கொள்ளும் ஆள்) இல்லாத நோயாளிகள் பலர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறார்கள். நாங்களும் கேஸ் ஷீட்டில் 'ஆப்ஸ்காண்ட்' (ஓடிப்போய்விட்டார்) என்று எழுதிவிடுகிறோம். ஏன் போகிறார்கள்?

மூட்டைக்காகப் போவார்கள் அம்மா. தார்ப்பாய், துணி, ரேஷன் கார்டு எல்லாம் அதில்தான் இருக்கும். நாலு நாள் ஆளைக் காணோமென்றால் படுக்கிற இடத்தையும் வேறொருவர் பிடித்துவிடுவார். குடிப்பழக்கம் உள்ளவருக்கு அட்மிஷன் ஆன சில மணி நேரத்திலேயே கை நடுங்க ஆரம்பிக்கும். இரண்டு மூன்று நாளில் சிலருக்குப் புத்தி பேதலித்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். மருந்து இருக்கிறது, கொடுத்தால் தங்கிவிடுவார். அதனால் கேஸ் ஷீட் எழுதும்போதே, திட்டாமல், இரண்டு கேள்வி கேளுங்கள்: "மூட்டை யார்கிட்ட இருக்கு? கடைசியா எப்போ குடிச்சீங்க?"

'ஆப்ஸ்காண்ட்' என்று எழுதினால் பழி அவர் மேல் போய்விடுகிறது. ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளவும், ஒரு டீ வாங்கித் தரவும் ஆள் இல்லாதவரை எத்தனை பேர் விசாரித்தோம் என்பதை எந்த ஷீட்டிலும் எழுதுவதில்லை.

தன்னார்வலர்: மாநகராட்சிக் காப்பகத்தில் சேர்த்துவிட்டால் போதாதா?

கூரை கிடைக்கும், சாப்பாடு கிடைக்கும், அது பெரிய விஷயம்தான். நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருஷம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் உத்தரவிட்டது. ஆனால் காப்பகம் என்பது தானே எழுந்து நடமாடுகிறவருக்கான இடம். மூத்திர டியூபோடும் ஆறாத புண்ணோடும் போனால் பல இடங்களில் தயங்குவார்கள். கல்நெஞ்சம் என்று சொல்ல மாட்டேன். ராத்திரி முழுக்க ஒரே ஒரு காவலர் என்றால் அவர் மட்டும் என்னதான் செய்வார்?

ஆஸ்பத்திரிக்கும் காப்பகத்துக்கும் நடுவில் ஒரு இடம் வேண்டும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் 1985-இல் ஒரு காப்பகத்துக்குள் 25 கட்டிலோடு இதைத்தான் தொடங்கினார்கள். அது வளர்ந்து இன்று நூறு கட்டிலுக்கு மேல். பார்பரா மெக்கின்னிஸ் இல்லம் என்று பெயர். அவர் ஒரு நர்ஸ் (எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்). கட்டு மாற்றுவது, வேளைக்கு மாத்திரை, அடுத்து எங்கே தங்குவது என்று ஏற்பாடு செய்வது, எல்லாம் ஒரே கூரையின் கீழ். தமிழ்நாட்டில் மனநலம் பாதித்து வீடின்றித் திரிபவர்களுக்கு அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் வந்துவிட்டன. கால் உடைந்தவருக்கும் அதேபோல் வேண்டும் என்பது என் நெடுநாள் புலம்பல்.

கல்லூரி மாணவர்: இன்சுலின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஃப்ரிட்ஜ் இல்லாதவர் எங்கே வைப்பார்?

திறந்த குப்பி அறை வெப்பத்தில் சுமார் நாலு வாரம் தாங்கும். சென்னைச் சித்திரை வெயில் அந்தக் கணக்கில் வராது. ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் வைக்கலாம், இல்லையென்றால் பழக்கமான மருந்துக்கடையில் கொடுத்து வைக்கலாம்.

எனக்கு அதைவிடப் பெரிய பயம், ஊசி போட்டபின் சாப்பாடு கிடைக்காமல் போவது. வியர்த்து, நடுங்கி, உளறுவார். குடித்திருக்கிறார் என்று ஜனங்கள் ஒதுங்கிப் போவார்கள். நினைவோடு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள், மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். "இவருக்கு மூணு வேளை சாப்பாடு நிச்சயமில்லை" என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே டாக்டரிடம் சொன்னால் மருந்தையோ அளவையோ மாற்றித் தர வழி உண்டு. 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. நல்ல திட்டம். தட்டக் கதவு இல்லாதவரை மாத்திரை தேடி வர, உங்கள் மாதிரி யாராவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெயர் வேண்டாம் என்றவர்: ஆதார் தொலைந்துபோனால் சிகிச்சை கிடைக்காதா?

கார்டு இல்லை என்று அவசர சிகிச்சையை மறுக்கக் கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரியை உங்கள் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மழை போதும், மூட்டையில் முதலில் நனைந்து போவது அந்தக் காகிதம்தான்.

இல்லத்தரசி: மாசம் ஆயிரம் ரூபாய் ஒதுக்க முடியும். கம்பளி வாங்கித் தரலாமா அக்கா?

வேண்டாம் அம்மா, கம்பளியை எல்லோரும் தருகிறார்கள். ரிவ்யூவுக்கு வரச் சொன்ன தேதியன்று ஆட்டோவுக்குக் கொடுங்கள். முடிந்தால் கூடவே போய் ஓ.பி. வரிசையில் நில்லுங்கள்.