7018 வெல்டிங் ராடை ஏன் சூடான பெட்டியில் வைக்கிறார்கள்? 6010 ராடையும் அப்படி வைக்கலாமா?

காரணம் ஹைட்ரஜன். 7018 ராடின் மேல்பூச்சு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆர்க்கின், அதாவது ராடுக்கும் உலோகத்துக்கும் இடையே எரியும் மின்பொறியின், வெப்பத்தில் அந்த ஈரம் சிதைந்து, ஹைட்ரஜன் உருகிய உலோகத்தில் கரைகிறது. ஆறும்போது அது பற்றவைப்பை ஒட்டிய கடினமான பகுதிக்குப் பரவி, இறுக்கம் மிகுந்த இடத்தில் விரிசலை உண்டாக்கும். கொடுமை என்னவென்றால், இந்த விரிசல் உடனே தெரியாது. பல மணி நேரம், சில சமயம் ஓரிரு நாள் கழித்துத்தான் வரும். அன்றே சோதித்து நன்றாக இருக்கிறது என்று அனுப்பிய வேலை பிறகு பிளந்துகொள்வது இப்படித்தான். தடித்த தகடு, கார்பன் மிகுந்த எஃகு என்றால் ஆபத்து இன்னும் அதிகம்.

ஆகவே, உறையைப் பிரித்ததும் ராடுகளைச் சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் வைக்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் அந்தச் சூடு போதாது. 260 முதல் 430 டிகிரிக்குள், தயாரிப்பாளர் சொல்லும் அளவில், குறைந்தது 2 மணி நேரம் சுட வேண்டும். வெயிலில் உலர்த்துவதால் பயனே இல்லை.

6010 இதற்கு நேர்மாறு. அதன் செல்லுலோஸ் பூச்சில் சிறிதளவு ஈரம் இருந்தே ஆக வேண்டும். ஆழமாக ஊடுருவும் அந்த ஆர்க்கே அதை நம்பியிருக்கிறது. தயவுசெய்து அதைச் சூடான பெட்டியில் வைக்காதீர்கள். மூடிய டப்பாவில், சாதாரண அறை வெப்பநிலையில் இருந்தால் போதும்.