இரண்டு பவுன் சங்கிலி

கேள்வி: நான் மீட்கப்பட்டு, ஞானஸ்நானம் எடுத்து இரண்டு வருடமாகிறது. குடியையும் புக்கியில் பந்தயம் பிடிப்பதையும் அன்றோடு விட்டேன். ஆனாலும் பழைய நினைவுகள் என்னை விடுவதாயில்லை. ஜெபத்தில் உட்கார்ந்தால் அதுவே வருகிறது. (அந்தக் காலத்தில் அடைவு வைத்த மனைவியின் இரண்டு பவுன் சங்கிலிக்கு இன்னும் வட்டி கட்டுகிறேன். அது வேறு விஷயம்.) பழைய வாழ்க்கையை முற்றாக விட்டு விசுவாசத்தில் வளர எத்தனை நாள் உபவாசம் இருக்க வேண்டும்?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: அது வேறு விஷயம் இல்லை, சகோதரரே. அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, அதுதான் விஷயம்.

'மீட்கப்பட்டு' என்று தொடங்கியிருக்கிறீர்கள். தமிழில் அந்தச் சொல் ஆலயத்துக்கும் அடைவுகடைக்கும் பொது. கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு பெண் ரசீதை நீட்டி "சங்கிலியை மீட்க வந்தேன்" என்கிறாள். எபேசியர் 1:7 இல் 'பாவமன்னிப்பாகிய மீட்பு' என்று நாம் வாசிப்பதும் அதே சொல்தான். பவுல் எழுதிய கிரேக்கச் சொல்லும் விலை கொடுத்து அடிமையையோ கைதியையோ விடுவிப்பதைத்தான் சொல்லும். தவணை முடிய வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துவிட்டு வருகிறவரை, நகையை மீட்டவர் என்று எந்தக் கடையிலும் சொல்லமாட்டார்கள். நகை உள்ளே இருக்கிறது. கையில் இருப்பது புதிய திகதி போட்ட கடதாசி.

எழுப்புதல் கூட்டத்துக்கு எழுப்புதல் கூட்டம் முன்னுக்குப் போய் அழுது, அடுத்த கூட்டம் வரும்வரை தவணை வாங்கி வருகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். கடவுளிடம் உங்களுக்கிருந்த கடனை, முதலும் வட்டியுமாக, கிறிஸ்து கட்டிவிட்டார். அதில் நீங்கள் ஒரு சதமும் சேர்க்க முடியாது. மனைவியிடம் இருக்கும் கடனை அவர் உங்கள் கையில்தான் விட்டிருக்கிறார்.

சகேயுவைப் பாருங்கள். வரி வசூலித்தவன், கணக்குத் தெரிந்தவன். ஆண்டவர் வீட்டுக்கு வந்ததும் அவன் வாயிலிருந்து வந்தது இலக்கம்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது 'நாலத்தனையாக'. லேவியராகமம் 6:5 கேட்பது முதலும் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே. 1,000 ரூபாய்க்கு 1,200. சகேயு 4,000 கொடுக்கிறேன் என்கிறான். 'இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது' என்று ஆண்டவர் சொல்வது அதற்கு அடுத்த வசனத்தில்.

இனி உங்கள் கணக்கு. கடிதத்தில் தொகை இல்லை. உதாரணத்துக்கு முதல் 2 இலட்சம், வருட வட்டி 18 வீதம் என்று வைப்போம். மாத வட்டி 3,000. வட்டி மட்டும் கட்டினால் இரண்டு வருடத்தில் 72,000 ரூபாய் போயிருக்கும், முதல் அப்படியே நிற்கும். மாதம் 15,000 கட்டினால் முதல் மாதமே 12,000 முதல்தொகையில் கழியும். அடுத்த மாத வட்டி 2,820 ஆக இறங்கும். பதினைந்தாவது மாதம் சங்கிலி வீட்டில். முதல்தொகையைப் பகுதி பகுதியாகக் கட்டலாமா என்று கவுண்டரில் கேளுங்கள். 'முதல்தொகையில் வரவு வையுங்கள்' என்று வாய் திறந்து சொல்லி, துண்டில் மீதி முதல் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். தவணைத் திகதியைத் தவறவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். பத்திரிகையில் ரசீது இலக்கங்கள் வரிசையாக வருகின்றனவே, அவை ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் கழுத்திலிருந்து இறங்கியது. சங்கிலி மீளும்வரை ஆலயக் கட்டட நிதிக்குப் பொருத்தனை எதுவும் பண்ணாதீர்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்றவர் ஆண்டவர் (மத்தேயு 5:24).

நினைவுகளுக்கு வருகிறேன். 'பின்னானவைகளை மறந்து' என்று பவுல் எழுதினாரே, எனக்கு மறக்கவில்லையே என்பது உங்கள் கவலை. அது பிலிப்பியர் 3:13. அதே அதிகாரத்தின் ஆறாம் வசனத்தில், தான் சபையைத் துன்பப்படுத்தியதை அவரே எழுதுகிறார். மறக்கவில்லை. ஓடுகிறவன் பின்னால் திரும்பிப் பார்த்து வேகத்தை இழக்காததுதான் அவர் சொன்ன மறதி. நினைவு வந்தால் ஜெபம் கெட்டுவிட்டது என்று எழும்பிவிடாதீர்கள். வந்த நினைவில் ஒரு ஆளின் முகம் இருந்தால் பெயரை ஒரு கொப்பியில் எழுதுங்கள். யாருக்கு என்ன திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதற்கான பட்டியல் அது. ஆள் இல்லாத வெறும் ஆசையாக இருந்தால் சங்கீதத்தை விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

'விட்டேன்' என்ற சொல்லிலும் எனக்கு ஒரு வழக்கு உண்டு; பழைய வாசகர்களுக்குத் தெரியும். எபேசியர் 4 இல் பழைய மனுஷனைக் 'களைந்துபோட்டு' என்றிருக்கிறது, உடுப்பைக் கழற்றி வைப்பது. அதே கிரேக்க வினைச்சொல்தான் அப்போஸ்தலர் 7:58 இலும் வருகிறது: ஸ்தேவானைக் கல்லெறிந்தவர்கள் மேலுடுப்பைக் கழற்றி வைத்தார்கள், சவுல் என்ற வாலிபனின் பாதத்தருகில். அந்தச் சவுல்தான் பிற்பாடு பவுல் என்ற பெயரில் இதை எழுதியவர். உடுப்பைக் கழற்றினவன் வேறொன்றை உடுத்தாமல் தெருவில் நிற்கமாட்டான். அதனால்தான் பவுல் 'திருடாதே' என்பதோடு நிறுத்தவில்லை. கைகளால் வேலை செய், இல்லாதவனுக்குக் கொடு என்று மற்ற உடுப்பையும் எடுத்து நீட்டுகிறார். மத்தேயு 12 இல் கூட்டிப் பெருக்கிய வெறும் வீட்டுக்குத்தான் ஏழு ஆவிகள் குடிவந்தன. உங்கள் வெறும் வீடு சம்பள நாள் மாலை ஐந்து மணி. புக்கியைத் தாண்டிப் போகும் பாதையை மாற்றி ஒரு தரிப்பிடம் முன்னதாக பஸ் ஏறுங்கள். ஏடிஎம் காட் அன்று மனைவியிடம் இருக்கட்டும். அடைவுக்கான 15,000 சம்பளம் விழுந்த அன்றே தனிக் கணக்குக்குப் போகும்படி வங்கியில் ஸ்டேண்டிங் ஓடர் போடுங்கள். போனில் பந்தயம் பிடிக்கும் ஆப் ஏதும் இருந்தால், மீதிக் காசை எடுத்து, கணக்கையே மூடிய பிறகு அழியுங்கள். ஆப்பை மட்டும் அழித்தால் கணக்கு உங்களுக்காகக் காத்திருக்கும்.

உபவாசத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஏசாயா 58 கேட்கும் உபவாசம் அக்கிரமத்தின் கட்டுகளை அவிழ்ப்பது. வாரத்தில் ஒரு நேரச் சாப்பாட்டை விட்டு அந்தக் காசை அடைவுக் கணக்கில் போடுங்கள், போதும்.

ஆனால் இந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு யாராவது இன்றே குடியை நிறுத்தி உபவாச அறைக்குள் போக நினைத்தால், அவருக்குக் கத்திச் சொல்கிறேன்: போகாதீர்கள். வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் கை நடுங்கும், வியர்க்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாளளவில் இல்லாத ஆட்களைக் கண்டு பிதற்றலாம். அதைப் பிசாசு என்று சொல்லிக் கதவைப் பூட்டி, சாப்பாடும் கொடுக்காமல் ஜெபிக்கும் போதகர்களோடு இந்தப் பக்கம் நெடுங்காலமாகச் சண்டை போடுகிறது, இனியும் போடும். உயிர் போகக்கூடிய நிலை அது. மருந்தும் தயமின் என்ற விற்றமினும் வைத்தியர் கையால் கிடைக்க வேண்டும். நடுக்கமோ வலிப்போ தொடங்கிவிட்டால் நேரே ஆஸ்பத்திரிக்கு. அதற்கு முன்பே பேசித் திட்டமிட 1926 ஐ அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். கட்டிலருகில் இருந்து ஜெபியுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்?

விசுவாசத்தில் வளர்வதற்கு இன்னொன்று வேண்டும்: உங்களிடம் கணக்குக் கேட்கும் ஆள். 1742 இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மெதடிஸ்தர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினரின் ஜெபமண்டபத்துக்குக் கடன் இருந்தது. உறுப்பினரைப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் வாராவாரம் மற்றப் பதினொரு பேரிடமும் போய் ஒரு பென்னி வாங்கட்டும் என்று தீர்மானித்தார்கள். போனவர்கள் காசோடு வேறு செய்தியும் கொண்டு வந்தார்கள்: இன்னார் மறுபடி குடிக்கிறார், இன்னார் வீட்டில் சண்டை. மெதடிஸ்தரின் தலைவர் ஜோன் வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். மெதடிஸ்தரின் வகுப்புக் கூட்டம் அப்படித்தான் பிறந்தது, கடன் வசூலிலிருந்து. உங்கள் சபையில் இரண்டு ஆண்களைக் கேளுங்கள். வாரம் ஒரு மணித்தியாலம். அவர்கள் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: இந்த வாரம் எங்கே சறுக்கினீர்கள், துண்டில் மீதி முதல் எவ்வளவு.

பதினைந்தாம் மாதம் தனியாகப் போகாதீர்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு, ரசீதும் அடையாள அட்டையுமாகப் போங்கள். சங்கிலியைத் தராசில் வைத்து 16 கிராம் காட்டுகிறதா, கொளுக்கி அதே கொளுக்கிதானா என்று அவர் பார்க்கட்டும். அதன் பிறகு கையொப்பம் இடுங்கள்.