மதிப்பெண் பட்டியலும் கணினியும்: ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சார், எக்செல்லில் வகுப்புச் சராசரி எடுத்தால், கையால் போட்ட கணக்கோடு ஒத்துப்போவதில்லை. ஆவரேஜ் சூத்திரம் தவறாக வருமா?

பதில்: சூத்திரத்தில் கோளாறு இருக்காது. செல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முதல் சந்தேகம், தேர்வுக்கு வராத பிள்ளைகள். மூன்று பேர் 60, 70, 80 எடுத்திருக்கிறார்கள், நான்காமவர் வரவில்லை என்று வையுங்கள். அவருக்கு 0 போட்டால் சராசரி 52.5. ‘வ.இ.’ (வரவில்லை) என்று எழுதினாலோ காலியாக விட்டாலோ ஆவரேஜ் அந்தச் செல்லைச் சேர்க்காது, 70 வரும். காலியாக விடாமல் எழுதிவிடுவதே நல்லது. காலிச் செல்லைப் பார்த்தால், பிள்ளை வரவில்லையா, நாம் பதிய மறந்தோமா என்று அடுத்த மாதம் யாருக்கும் தெரியாது.

இரண்டாவது சந்தேகம், எண் போலத் தெரியும் எழுத்து. உண்மையான எண் செல்லின் வலது ஓரத்தில் நிற்கும். எழுத்தாகப் பதிவான 72 இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். மூலையில் சின்னப் பச்சை முக்கோணமும் தெரியலாம். ஆவரேஜும் சம்மும் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா பட்டியில் ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ திறந்து நேராக ‘ஃபினிஷ்’ அழுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேள்வி: கூகுள் ஃபார்ம்ஸில் ஒரு வார்த்தை விடை கேட்டேன். சரியாக எழுதிய பிள்ளைகளுக்கும் தவறு என்று வருகிறது. ஏன்?

பதில்: அது பொருளைப் பார்ப்பதில்லை, எழுத்துகளைத்தான் ஒப்பிடுகிறது. தமிழில் இது கூடுதல் தொல்லை. ‘மௌனம்’ என்பதைப் பலர் மெகர எழுத்துக்குப் பக்கத்தில் ளகரம் போட்டு ‘மெளனம்’ என்று தட்டச்சு செய்வார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், கணினிக்கு வேறு வேறு சொல். ‘ஔ’ எழுத்தும் அப்படித்தான். கணக்கில் 5, 5.0, 5 செ.மீ. மூன்றும் தனித்தனி விடைகள். ஆகவே அலகைக் கேள்வியிலேயே கொடுத்து ‘எண்ணை மட்டும் எழுதுக’ என்று சொல்லிவிடுங்கள். விடைக்குறிப்பில் ஏற்கத்தக்க வடிவங்கள் எல்லாவற்றையும் சேருங்கள். ‘மற்ற விடைகளைத் தவறாகக் கொள்’ என்ற பெட்டியில் டிக் போடாதீர்கள். பொருந்தாத விடைகளை நீங்களே பார்த்து மதிப்பெண் போடலாம்.

கேள்வி: பலவுள் தெரிக வினாக்களில் எது நல்ல வினா, எது மோசமான வினா என்று எக்செல்லில் கண்டுபிடிக்க முடியுமா? 40 மாணவர்கள், 20 வினாக்கள்.

பதில்: முடியும், ஒரு மணி நேர வேலைதான். முதல் தாளில் வரிசை 2-இல் சரியான விடைகளை (அ, ஆ, இ, ஈ) எழுதுங்கள். வரிசை 3 முதல் 42 வரை மாணவர் தேர்ந்தெடுத்த எழுத்துகள். இரண்டாம் தாளில் அதே இடத்தில் இஃப் சூத்திரம்: மாணவர் விடை சி3, சரியான விடை சி$2-க்குச் சமமானால் 1, இல்லையேல் 0. டாலர் குறியை விட்டுவிட்டால் கீழே இழுக்கும்போது சி2 என்பது சி3, சி4 என்று நகர்ந்து, ஒவ்வொரு பிள்ளையும் முந்தைய பிள்ளையோடு ஒப்பிடப்படுவார். விசித்திரமான மதிப்பெண்கள் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

ஒவ்வொருவருக்கும் மொத்தம் கூட்டுங்கள். அதன்பின் முழுத் தாளையும் நகலெடுத்து, அதே இடத்தில் ‘வேல்யூஸ்’ ஆக (சூத்திரம் இல்லாமல் எண்கள் மட்டும்) ஒட்டிவிட்டு, மொத்தத்தின்படி மேலிருந்து கீழாக வரிசைப்படுத்துங்கள். சூத்திரத்தோடே வரிசைப்படுத்தினால் அது முதல் தாளில் வேறு மாணவரைச் சுட்டத் தொடங்கிவிடும்.

இனி இரண்டு எண்கள். கடினநிலை என்பது சரியாக எழுதியவர்களை மொத்தப் பேரால் வகுப்பது. 40-இல் 30 பேர் சரி என்றால் 0.75. பெயர் ‘கடினம்’, ஆனால் எண் கூடினால் வினா எளிது, குழம்ப வேண்டாம். அடுத்தது பிரித்தறியும் திறன், அதாவது நன்றாகப் படித்தவர்களையும் படிக்காதவர்களையும் வினா எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பது. மேலிருந்து 27 சதவீதம், கீழிருந்து 27 சதவீதம் எடுங்கள். 40 பேருக்கு 11, 11. அமெரிக்க உளவியலாளர் ட்ரூமன் கெல்லி 1939-இல் காட்டிய விகிதம் இது. மேல் குழுவில் 9 பேர், கீழ்க் குழுவில் 4 பேர் சரி என்றால் (9−4)÷11 = 0.45. பொதுவாக 0.3-க்கு மேல் நல்லது, 0.2-க்குக் கீழே போனால் வினாவை மறுபடி படிக்க வேண்டும்.

எதிர்மறையாக வந்தால் பிள்ளைகளைக் குறை சொல்வதற்கு முன் விடைக்குறிப்பைத் திறந்து பாருங்கள். மேல் குழுவில் 9 பேர் ‘இ’ என்று எழுதியிருக்க, குறிப்பில் ‘ஆ’ இருந்தால் பெரும்பாலும் குறிப்புதான் தவறு. குறிப்பு சரியென்றால், ‘அல்ல’, ‘தவிர’ போன்ற சொல் கண்ணில் படாமல் போயிருக்கலாம், அல்லது இரண்டு விடைகள் பொருந்தலாம்.

ஒரு எச்சரிக்கை. 11 பேர் குழுவில் ஒரே ஒரு பிள்ளை விடையை மாற்றினாலே எண் 0.09 நகரும். 0.27-ஐயும் 0.36-ஐயும் வைத்து வாதாடுவதில் பயன் இல்லை. 38 பேர் சரியாக எழுதிய வினாவில் வித்தியாசம் இயல்பாகவே குறைவாகத்தான் இருக்கும். அது அடிப்படைக் கருத்து என்றால் வினாவை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குருட்டாம்போக்கில் டிக் அடித்தே தேர்ச்சி பெற்றுவிடுவார்களா?

பதில்: நான்கு விருப்பங்கள், 20 வினாக்கள் என்றால் ஊகத்தில் சராசரியாக 5 கிடைக்கும். தேர்ச்சிக்கு 7 போதும் என்றால், எதுவும் படிக்காதவர்களில் ஏறக்குறைய 21 சதவீதம் பேர் தாண்டிவிடுவார்கள். 10 என்றால் 1.4 சதவீதம்தான். இது எல்லா விருப்பமும் நம்பும்படி இருந்தால்தான். யாருமே தேர்ந்தெடுக்காத விருப்பம் இருந்தும் இல்லாததுபோல்; அப்போது அது மூன்று விருப்ப வினாவாகிவிடும்.

கேள்வி: வாரத் தேர்வுக்கு மதிப்பெண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுகிறோம். இது வளரறி மதிப்பீடுதானே?

பதில்: பெயரோ இடைவெளியோ அதை முடிவு செய்வதில்லை. தேர்வைப் பார்த்தபின் நாளைய பாடத்தில் எதையாவது மாற்றினீர்களா? மாற்றினால் வளரறி, அதாவது கற்பிக்கும்போதே கற்றலை வளர்க்க உதவும் மதிப்பீடு. பதிவேட்டில் ஏற்றி மூடிவிட்டால் அது தொகுத்தறி மதிப்பீட்டின், அதாவது முடிவில் கற்றதைத் தொகுத்து மதிப்பிடுவதன், சின்ன உருவம்தான்.

கேள்வி: நம்பகத்தன்மை, ஏற்புடைமை இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை. மறுபடி வைத்தாலும் அதே முடிவு வருவது நம்பகத்தன்மை. அளக்க நினைத்ததையே அளப்பது ஏற்புடைமை. பின்னம் தெரியுமா என்று பார்க்க ஆறு வரி நீள வாக்கியக் கணக்கு கொடுக்கிறீர்கள். எத்தனை முறை வைத்தாலும் அதே பிள்ளைகள் தோற்பார்கள், நம்பகத்தன்மை உண்டு. ஆனால் அங்கே அளக்கப்படுவது பெரும்பாலும் வாசிப்பு. பின்னத்துக்கான ஏற்புடைமை போய்விட்டது. அதே கணக்கை ஒரு வரியில் கொடுத்துப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும்.

கேள்வி: 90 பெர்சன்டைல் என்றால் 90 மதிப்பெண்ணா?

பதில்: இல்லை. ஒப்பிடப்பட்டவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் அவருக்குக் கீழே என்று பொருள். மதிப்பெண் 55 ஆகவும் இருக்கலாம். பெற்றோரிடம் சொல்லும்போது இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கேள்வி: மதிப்பெண்களைச் சி.எஸ்.வி. கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) இறக்கினேன். எக்செல்லில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கிறுக்கலாக இருக்கின்றன. 007 என்ற பதிவு எண்ணும் 7 ஆகிவிட்டது.

பதில்: இருமுறை சொடுக்கித் திறந்ததால் வந்தது. காலியான எக்செல் தாளைத் திறந்து, டேட்டா பட்டியில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சி.எஸ்.வி.’ வழியாகக் கோப்பைக் கொண்டுவாருங்கள். ‘ஃபைல் ஆரிஜின்’ இடத்தில் 65001 யூ.டி.எஃப்-8 (தமிழ் உட்படப் பல மொழி எழுத்துகளைப் பதியும் முறை) தேர்ந்தெடுத்தால் தமிழ் சரியாகத் தெரியும். ‘டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா’ அழுத்தி, பதிவு எண் நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ ஆக மாற்றினால் முன்னால் உள்ள பூச்சியங்கள் நிற்கும். கிறுக்கலாகத் தெரியும் கோப்பைச் சேமித்துவிடாதீர்கள். பெயர்கள் அப்படியே பதிவாகி, மீட்க முடியாமல் போகலாம். மறுபடி இறக்கிக்கொள்வதே வழி.